ஒரே விலையில் இரண்டு புடவை

சின்னவனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். அதை நீ சம்மதமாக எடுத்துக்கொண்டிருப்பாய் என்று போனை வைத்த பிறகுதான் தோன்றியது. வருகிற பொங்கலுக்குத் தெள்ளாரில் இருக்கும் தங்கைக்கு நீயும் உன் அண்ணனும் ஒரே விலையில் வரிசை வைப்பதாகப் பேசி முடித்துவிட்டீர்கள். அண்ணனுடைய கடையில் இந்த வருஷம் வியாபாரம் இல்லை. நீ பெங்களூரில் கை நிறையச் சம்பாதிக்கிறாய். நீ பட்டும் பாத்திரமுமாகக் கொண்டுபோய் இறக்கினால் பக்கத்தில் அவன் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும். அதனால் அவனால் முடிகிற அளவுக்கு நீயும் இறங்கிக்கொள்கிறாய். "நியாயம்தானேம்மா?" என்று கேட்டாய். உன் குரலில் சந்தோஷம் இருந்தது. அண்ணனை விட்டுக்கொடுக்காத பிள்ளை என்று நான் மெச்சுவேன் என எதிர்பார்த்தாய். மெச்சியிருக்கலாம். பெற்றவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் நீ பேசப் பேச எனக்கு வேறொரு பொங்கல் ஞாபகம் வந்துவிட்டது. போனில் தொடங்கினால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று உனக்குத் தெரியும். வாயைவிட எனக்குப் பேனாவில்தான் கொஞ்சம் தைரியம் அதிகம். அதனால் எழுதுகிறேன். அவசரப்படாமல் படி.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. நான் பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அதில் எனக்குப் பெருமை இருந்ததைவிடக் கூச்சம் அதிகம் இருந்தது. தெருவில் யாராவது "படிச்ச பொண்ணு, நீயே சொல்லு" என்று கேட்டால் எனக்கு வேர்த்துவிடும். சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது. பார்ப்பதற்கு மட்டும் நிறைய இருக்கும். சும்மா வீட்டில் இருக்க வேண்டாம் என்று பெரியப்பா, அதாவது என் அப்பாவின் அண்ணன், ஆரணி கடைத்தெருவில் இருந்த அவருடைய பட்டுக் கடையில் பில் எழுத என்னை உட்காரவைத்தார். அந்தக் கடை பெரியம்மா வீட்டார் வைத்துக் கொடுத்தது. பெரியப்பா சாமர்த்தியசாலி, அதை வளர்த்துவிட்டார். அப்பாவோ தறியில் இருந்து எழுந்திருக்கவே இல்லை. பெரியப்பா கொடுக்கும் பட்டையும் சரிகையையும் வாங்கிவந்து, வீட்டுத் தறியில் நெய்து, புடவையைக் கடையில் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொள்வார். அண்ணன் தம்பிக்குள் சண்டை கிடையாது. ஆனால் கடையில் பெரியப்பா மெத்தையில் உட்கார்ந்திருப்பார், அப்பா நின்றுகொண்டிருப்பார். உட்காரச் சொன்னாலும் "இருக்கட்டும்ணா" என்பார்.

இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவள் என் அத்தை. ஊரை ஒட்டிய சேவூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாமாவுக்குக் கொஞ்சம் நெல் நிலம், ஒரு ஜோடி மாடு. மாமியார், கொழுந்தனார் என்று ஒரு வீடு நிறைய ஆட்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் பெரியப்பா அத்தைக்கு ஒரு பட்டுப் புடவை வைப்பார். அப்பா ஒரு நூல் புடவை வைப்பார். புது அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு எல்லாம் இருவர் தட்டிலும் இருக்கும். புடவை மட்டும்தான் வேறு.

வேறு ஊராக இருந்தால் இதைக் கொஞ்சம் மூடி மறைக்கலாம். விலைச் சீட்டைக் கிழித்துவிட்டு, "என்ன விலை?" என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். நம்மூரில் யாரும் விலை கேட்பதில்லை. கேட்பது மரியாதையும் இல்லை, தேவையும் இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மழ வருமா?" என்று பேசிக்கொண்டே முந்தானையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்ப்பார்கள். அவ்வளவுதான். பட்டு எத்தனை இழை, சரிகை எவ்வளவு, எந்தத் தெருத் தறி என்பதுவரை விரல் சொல்லிவிடும். எனக்கு அந்த விரல்களைப் பார்ப்பதில் ஒரு தனி ஆசை. வாய் ஒன்று பேசும், விரல் ஒன்று கேட்கும்.

அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு பட்டு வாங்குகிற அத்தை, எந்த விசேஷத்துக்கு வந்தாலும் அதே பழைய அரக்குப் பட்டைத்தான் கட்டிக்கொண்டு வந்தாள். மற்றதெல்லாம் எங்கே? பெட்டியில் வைத்துப் பூட்டுகிற சுபாவம் அவளுக்குக் கிடையாது. அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "ஒனக்கு எதுக்கு அந்த ஆராய்ச்சி?" என்று அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். அத்தையிடமே கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒரு வருஷம் அண்ணனும் தம்பியும் தனித்தனியாகக் கிளம்பி, தற்செயலாக ஒரே நேரத்தில் சேவூர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெரியப்பா ஜட்காவில், அப்பா சைக்கிளில். கூடத்தில் இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து விரலால் தொட்டுப் பார்த்தார்கள். அத்தையின் மாமியார் பட்டை மட்டும் எடுத்துக்கொண்டுபோய்ச் சாமி மாடத்தில் வைத்தாள். நூல் புடவை தட்டிலேயே, வாழைப்பழத்துக்கு அடியில் கிடந்தது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அப்பா அதைப் பார்த்துவிட்டார். அடுத்த மார்கழி பிறந்ததுமே, "இந்த வருஷம் நான் சேவூருக்குப் போகல" என்றார். அம்மா, "கூடப்பொறந்தவளுக்கு வரிச வெக்காம இருந்தா நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு எந்த மூஞ்சோட போவீங்க?" என்று கேட்டாள். இரண்டு நாள் தறியிலேயே உட்கார்ந்திருந்தவர், மூன்றாவது நாள் கடைக்கு வந்து, நின்றபடியே பெரியப்பாவிடம் சொன்னார். "அண்ணா, தப்பா நெனச்சிக்காத. இந்த ஒரு வருஷம் நீயும் நூல் புடவையே வெச்சிடு. ரெண்டு பேரும் ஒன்னா போலாம். ஒரே மாதிரி வெப்போம்."

பெரியப்பா மறுப்பார் என்று நினைத்தேன். அவர் கௌரவம் பார்க்கிறவர். ஆனால் அவர் யோசிக்கவே இல்லை. "அதுக்கென்ன, வெச்சிட்டாப் போச்சு" என்றார். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது எனக்கு விசித்திரமாக இருந்தது. தம்பி மேல் பாசம் என்பது ஒன்று. அதற்கு மேல் வேறு ஏதோ இருந்தது. அது என்னவென்று கொஞ்ச நாளில் தெரிந்துகொண்டேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் அப்பாவும் பெரியப்பாவும் நானும் ஒரே ஜட்காவில் போனோம். நூல் புடவைக் கடையில் ஒரே விலையில் இரண்டு எடுத்திருந்தார்கள். அப்பா வாங்கியது நீலம், பெரியப்பா வாங்கியது பச்சை. வழி முழுக்க அப்பா பேசிக்கொண்டே வந்தார். அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. சின்ன வயசில் ஏரியில் எருமை மேல் ஏறி விழுந்த கதையை அவர் சொல்ல, "ஏறனது நீ, அடி வாங்கனது நானு" என்று பெரியப்பா சொல்ல, ஜட்காக்காரர்கூடச் சிரித்தார். இறங்கும்போது அப்பா தன் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். இதைச் சொல்லாமல் விட்டால் உனக்கு விஷயம் அரைகுறையாகத்தான் புரியும். நீ சொல்கிற சமம் பொய்யில்லை. அன்றைக்கு என் அப்பா நிமிர்ந்து நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அத்தை வாசலுக்கு வந்து இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும் முகம் மலர்ந்து போனாள். தட்டுகளை வாங்கிக் கூடத்தில் வைத்தாள். அப்புறம் உட்கார்ந்து நீலப் புடவையைத் தொட்டாள், தேய்த்தாள், அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். பச்சைப் புடவையைத் தொட்டாள். விரல் நின்றுவிட்டது. பிறகு அந்தக் கை, யாரும் கவனிக்காத மாதிரி, பச்சைப் புடவைக்கு அடியில் போயிற்று. அடியில் அரிசிதான் இருந்தது. அரிசியை ஒரு பிடி அள்ளி, நல்ல அரிசி என்று பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். நிலைப்படியில் நின்றிருந்த மாமா மாட்டைப் பார்க்கப் போனார். மாமியார் மட்டும் கேட்டாள். "ஏம்மா, ஒங்க அண்ணன் பட்டுக் கடைய மூடிட்டாரா?" அத்தை, "ரெண்டு பேரும் ஒரே வண்டில வந்திருக்காங்க, அதப் பாருங்க அத்த" என்று சொல்லிவிட்டு எங்களுக்குச் சோறு போட எழுந்தாள்.

திரும்பும்போது அப்பா, "பாத்தியாண்ணா, அக்கா ஒன்னும் சொல்லல" என்றார். "அவ இன்னா சொல்லுவா, நம்ம வூட்டுப் பொண்ணு" என்றார் பெரியப்பா. நான் அரிசிக்குள் போன அந்தக் கையையே நினைத்துக்கொண்டு வந்தேன். எதையோ தேடிய கை அது. ஆசைப்பட்டது வரவில்லை என்றால் முகம் வாடும். தேடுவது அப்படி இல்லை. ஒன்று அங்கே கட்டாயம் இருக்கும் என்று நம்பியவர்கள்தான் தேடுவார்கள்.

பொங்கல் முடிந்து சில நாளில், கடையில் கூட்டம் இல்லாத ஒரு மத்தியான நேரத்தில் அத்தை வந்தாள். டவுன் பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். அப்பா வைத்த நீலப் புடவையைக் கட்டியிருந்தாள். அப்பாவும் அந்த நேரம் அங்கே இருந்தார், நெய்து முடித்த புடவை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தார். "வா வா. இன்னா இந்த வெயில்ல? சோறு துன்னியா?" என்றார் பெரியப்பா. "துன்னுட்டுத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே அத்தை மெத்தையில் ஏறி உட்கார்ந்து, பையிலிருந்து பச்சைப் புடவையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மடிப்புக் கலையவில்லை.

"அண்ணா, இத மாத்திகினு போலாம்னு வந்தேன்."

"ஏன், கலரு பிடிக்கலியா?"

"கலரு நல்லாத்தான் இருக்குது. ஆனா இது தம்பி புடவ. தம்பி புடவ எனக்கு ஒன்னு வந்துட்ச்சு. கட்டிகினும் இருக்கறேன் பாரு. நீ எதுக்குத் தம்பி புடவையக் குடுக்கற? ஒன் புடவையக் குடு."

பெரியப்பா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். அப்பா தரையைப் பார்த்தபடி, "அக்கா, நான்தான் அண்ணங்கிட்ட சொன்னேன். அது மேல தப்பு இல்ல" என்றார்.

"தெரியும்டா. அண்ணனுக்கு இந்த யோசனையெல்லாம் தானா வராது." அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஒனக்குக் கொறச்சலா இருக்கக் கூடாதுன்னு ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டீங்க. சரி. வாங்கறவ நானு. என்னிய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அப்போதுதான் பெரியப்பாவின் வாயிலிருந்து அந்த இன்னொன்று வெளியே வந்தது. "கேட்டாலும் இன்னா ஆகப் போவுது? நான் குடுக்கறத நீ என்னிக்குக் கட்டின? வந்தவாசில ஒரு விசேஷத்துக்குப் போனா, நான் பாத்துப் பாத்துப் போடச் சொன்ன அன்னப்பட்சி கரை, மாம்பழ கலரு, ஒன் நாத்தனா கட்டிகினு பந்தி பரிமாறிகினு இருக்கறா. எனக்கு எப்டி இருந்திருக்கும்? ஒனக்கு வேணாம்னா எதுக்குப் பட்டு, நூல் புடவையே போதும்னு நெனச்சேன்."

அத்தை அசரவில்லை. "பாத்தியா? அவளுக்கு நல்லா இருந்துச்சா?"

பெரியப்பா பச்சைப் புடவையை எடுத்துப் பக்கத்தில் தள்ளி வைத்தார். அப்புறம், "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

"அவ பொண்ணு மஞ்ச நீராட்டுக்கு நாங்க வெச்ச சீரு அது. ஒங்க மாப்ளதான தாய்மாமன்? நெல்ல வித்துப் பட்டு எடுக்கணும்னா வெதநெல்லுகூட வூட்ல தங்காது. ஒன் பட்டு இருந்துச்சு, வெச்சேன். அதுக்கு முந்தி வந்த பட்டு கொழுந்தனாரு கல்யாணத்துக்குப் போச்சு. அதுக்கும் முந்தினது எங்க மாமியா தங்கச்சி வூட்டு வளகாப்புக்கு. எனக்குக் குடுத்தா அது எனக்குத்தானண்ணா? இல்ல, ஒன் கடைக்கு முன்னால நிக்கற பொம்மையா நானு, கட்டிகினு காட்டறதுக்கு?" அத்தை மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்த வூட்ல நாலு பேரு நடுவுல நான் வாயத் தொறந்து ஒன்னு சொன்னா கேக்கறாங்க. அது ஒன் பட்டு குடுத்த வாயி."

எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. இத்தனை வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த புடவைகள் எல்லாம் ஒவ்வொன்றாக எதிரில் வந்து விழுந்துகொண்டிருந்தன. அத்தை நிறுத்தவில்லை. தை கடைசியில் அதே பெண்ணுக்குக் கல்யாணம். தாய்மாமன் பட்டு வைத்தாக வேண்டும். பொங்கலுக்கு அண்ணனிடமிருந்து வரும் என்று அத்தை மாமாவிடம் சொல்லியிருந்தாள். மாமா அதை நம்பித் தன் தங்கையிடம் சொல்லிவிட்டார். "நீங்க வந்தன்னிக்கி அவரு மாட்டப் பாக்கப் போனாரே, அன்னியிலேந்து என் மூஞ்சப் பாத்துப் பேசல. திட்டல, ஒன்னும் கேக்கல. கேட்டாலும் பரவாயில்ல. ஆரணில பொண்ணு எடுத்த வூடு, கல்யாணத்துக்கு நூல் புடவ வெச்சா அவரு அங்க போயி எப்டி நிப்பாரு?"

அப்பா அப்படியே மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் அந்தக் கடையில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா. என் தட்டு பக்கத்துல அண்ணன் தட்டப் பாத்தா பேஜாரா இருந்துச்சு. அத மட்டும்தான் நெனச்சேன்."

"ஒன் தட்ட நான் என்னிக்கிடா அண்ணன் தட்டோட வெச்சுப் பாத்தேன்? அண்ணன் குடுக்கற பட்ட நெய்யறது யாரு?"

"அதுக்குத்தான் கூலி வாங்கிட்டேனே."

"கூலி அண்ணன் குடுத்தான். ஒன் நெசவுக்கு நான் இன்னா குடுத்தேன் ஒனக்கு?" என்றாள் அத்தை. எனக்கு இன்றுவரை தெரியவில்லை, அது கேள்வியா பதிலா என்று.

பெரியப்பா எழுந்து, அப்பா அன்றைக்குக் கொண்டுவந்திருந்த புடவையைப் பிரித்தார். மயில்கழுத்து நிறம், குங்குமக் கரை. வெளியூர்க் கடை ஒன்றுக்குச் சொல்லிவைத்து நெய்தது. "இது ஆர்டர் சரக்கு. அவன் கொஞ்சம் பொறுத்துப்பான்" என்று சொல்லி அத்தையின் மடியில் வைத்தார். அத்தை முந்தானையை எடுத்து விரலால் தேய்த்தாள். இந்தத் தடவை விரல் அவசரப்படவில்லை. பிறகு புடவையைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னாள். "அடுத்த வருஷத்துலேந்து ரெண்டு தட்டு வேணாம். ஒரே தட்டுல வெச்சு, ரெண்டு பேருமா தூக்கிகினு வாங்க. எது எவன்துன்னு வெளிய யாருக்கும் தெரிய வேணாம். எனக்குத் தெரிஞ்சாப் போதும்." படி இறங்கப் போனவளிடம் பெரியப்பா, "இந்தப் பச்சைய இன்னா பண்றது?" என்று கேட்டார். "ஒன் பொண்டாட்டிக்குக் குடு. அவளும் ஒரு நாளைக்குத் தம்பி புடவ கட்டட்டும்" என்று சொல்லிவிட்டு அத்தை ஜல்தியாக பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.

சின்னவனே, அண்ணனை நினைத்து நீ இறங்கிவருகிறாய் என்பது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீயும் அவனும் பேசி வைத்துக்கொண்ட சமம் உங்கள் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது. தங்கை அதில் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. நீ போன வருஷம் கொடுத்ததை அவள் என்ன செய்தாள்? கட்டிக்கொண்டாளா, யாருக்காவது வைத்தாளா, அந்த வீட்டில் அதனால் அவளுக்கு என்ன ஆயிற்று? நான் பெற்ற பெண்தான், எனக்கே தெரியாது. கொடுக்கிறவர்கள் கொடுத்ததோடு கதை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். வாங்கியவர்களுக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவளுக்கு உன்னிடமிருந்து எதுவும் தேவைப்படாமலும் இருக்கலாம். அவள் உன்னையும் அண்ணனையும் ஒரே பஸ்ஸில் வரச்சொல்லி மட்டும் கேட்கலாம். எனக்கு ஊகிக்கத் தெரியவில்லை. ஊகிக்கவும் வேண்டாம் என்றுதான் இவ்வளவு எழுதினேன். அவளுக்குப் போன் போடு. "என்ன வேணும்?" என்று கேட்காதே. அப்படிக் கேட்டால் எல்லாப் பெண்களும் "ஒன்னும் வேணாம்" என்றுதான் சொல்வோம். அந்த வீட்டில் அடுத்து என்ன விசேஷம் வருகிறது, யாருக்கு என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று விசாரி. பேச்சோடு பேச்சாக வந்துவிடும். அண்ணனிடமும் ஒன்று சொல். அவனால் முடிந்ததை அவன் கொண்டுவரட்டும். நீ அவனைப் போல ஆக வேண்டியதில்லை, அவனும் உன்னைப் போல ஆக வேண்டியதில்லை. உள்ளதை மறைக்கிற வேலையை ஒரே தட்டு பார்த்துக்கொள்ளும்.

அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். வந்தவாசியில் ஒரு சத்திரம். தாய்மாமன் சீரைக் கூடத்தில் வைத்தார்கள். தேங்காய், பழம், பூ, நடுவில் அந்த மயில்கழுத்துப் பட்டு. நான் ஒரு தூண் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தி தட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோடோ பேசிக்கொண்டே முந்தானையைத் தேய்த்தாள். பேச்சு நின்றது. "கெட்டிப் பட்டு. சரிகையில கை வெக்கல. தாய்மாமனுக்குப் பெரிய மனசு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். மாமா பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் பொய் பேசத் தெரியாத மனிதர். புகழ்ச்சி வந்ததும் அவர் முகம் என்னவோ போல் ஆகிவிட்டது. எதிரில் பெரியப்பாவும் அப்பாவும் நிற்கிறார்கள். மாமா அவர்களைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் போனார். உண்மையைச் சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. அத்தைக்கும் தெரிந்தது. அவள் பூவைச் சரிசெய்கிற சாக்கில் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

பெரியப்பா முன்னால் வந்தார். குனிந்து, முதல்முறையாகப் பார்க்கிறவர் மாதிரி முந்தானையை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "மாப்ள, புடவ நல்லா இருக்குதே. எங்க எடுத்தீங்க?" என்று கேட்டார்.

மாமா அவரையே பார்த்தார். "ஆரணிலதான் மச்சான்" என்றார் மெதுவாக.

"நல்ல கடையாப் பாத்து எடுத்திருக்கீங்க."

அப்பாவும் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "நெசவு எப்டிண்ணா?" என்று கேட்டார்.

"சுமார்தான்" என்றார் பெரியப்பா. குனிந்திருந்த அத்தையின் தோள் குலுங்கியது. அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், பந்தியில் இடம் பிடிக்கச் சேர்ந்து நடந்தார்கள்.

நீ தங்கையோடு பேசிய பிறகு எனக்கும் ஒரு போன் போடு. அவள் என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

உன்
அம்மா